மூக்கனின் தூக்கம்

நெய்தலூரில் கண்ணை மூடினால்தான் உலகம் தெரியும்.

அங்கே பிறக்கிற குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளிலேயே இமையின் உள்பக்கம் ஒரு மெல்லிய படலத்தை ஒட்டிவிடுவார்கள். அதற்கு இமைத்திரை என்று பெயர். கண் திறந்திருக்கும்போது அது இருப்பதே தெரியாது. மூடியவுடன் அதில் ஓடை ஓடத் தொடங்கும். ஓடை என்றால் தண்ணீர் ஓடுகிற ஓடை அல்ல. அதை நெய்தலூரில் யாரும் பார்த்ததில்லை. ஊரார் எடுத்துப் போடும் படங்கள், பேச்சு, சண்டை, சமாதானம், பூமியிலிருந்து வந்து சேரும் வேடிக்கைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அதற்குத்தான் அந்தப் பெயர். காலையில் கடைத்தெருவில் பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். புதிதாக வந்தவர்கள் இது ஏதோ தியானம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கிப் போவதுண்டு. அந்தப் பத்துப் பேரும் அடுத்த தெரு மருமகள் சுட்ட அடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இமைத்திரையை முதலில் கண்டுபிடித்தது வேறு காரணத்துக்காக. நிலாவின் பாறைக் குகைக்குள் அடைத்துக் கட்டிய ஊர் அது. எங்காவது காற்று கசிந்தால் தூங்குகிறவர்களும் உடனே எழுந்து ஓட வேண்டும். அந்த எச்சரிக்கைக்காகத்தான் படலம். அதனால் அதைக் கழற்றுவது குற்றம். இவ்வளவு நல்ல இடம் சும்மா கிடப்பானேன் என்று பிறகு யாரோ அதில் ஓடையைத் திறந்துவிட்டார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பொருநையின் ஆயுளில் கசிவு எச்சரிக்கை ஒரு முறைகூட வந்ததில்லை. ஓடை ஒரு நாள்கூட நின்றதில்லை.

பொருநைக்கு இருபத்து மூன்று வயது. நிலாவில் பிறந்த பிள்ளைகளுக்கு நிலா என்று யாரும் பெயர் வைப்பதில்லை. ஏங்குவது எதற்கோ அதன் பெயரைத்தான் வைப்பார்கள். ஆகவே ஊர் முழுக்க ஆறுகளின் பெயர்கள். காவிரிகளும் வைகைகளும் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். நல்ல பெயர்கள் தீர்ந்துபோன பிறகு பிறந்தவர்களின் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். பொருநையின் மேலாளர் பெயர் குடமுருட்டி. பெயருக்கேற்ற உருவமும் அமைந்துவிட்டதால் அவர் அதைப் பற்றிப் பேசுவதை விரும்புவதில்லை.

ஊருக்குத் தண்ணீர் வெளியிலிருந்து வந்தது. நிழலிலேயே கிடக்கும் பள்ளங்களில் உறைந்திருக்கும் பனிக்கல்லை வெட்டி வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து உருக்குவார்கள். ஒரு காலத்தில் அந்த வண்டிகளை இயந்திரங்களே ஓட்டின. இளசுகள் வேலையில்லாமல் திரிகிறார்களே என்று ஊர்ச்சபை கூடி, இனி மனிதர்கள்தான் ஓட்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. இயந்திரங்களைத் துடைத்துக் கிடங்கில் அடுக்கினார்கள். பொருநை போன்றவர்களைத் தொலைவலவர்கள் ஆக்கினார்கள். ஊருக்குள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடி, வெளியே போகும் வண்டியின் கண்களால் பார்த்து அதை ஓட்ட வேண்டும்.

அவளுக்கு அந்த வேலை உயிர். சாம்பல் நிறச் சமவெளி, கறுத்த வானம், வைத்த இடத்தை விட்டு நகராத விளக்கைப் போல நீலமாக நிற்கும் பூமி. குகைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த நாற்காலியில் உட்காரும்போது மட்டும்தான் வெளியே வந்தது போல இருக்கும். அது போய்விட்டால் மிச்சம் இருப்பது பாசித்தொட்டி கழுவும் வேலை. அதற்கு ஜன்னல்கூடக் கிடையாது.

அந்த நாற்காலிதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது.

காரணம் சின்னது. அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தூங்க வேண்டுமானால் கண்ணை மூட வேண்டும், மூடினால் ஓடை. நெற்றிப்பொட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் அது நின்றுவிடும் என்பது என்னவோ உண்மை. ஊரில் எல்லோரும் தினமும் தட்டத்தான் செய்தார்கள். தட்டிவிட்டுப் புரண்டு படுப்பார்கள். நிறுத்தும்போது ஓடிக்கொண்டிருந்த சண்டை எதில் போய் முடிந்திருக்கும் என்று ஒரு சின்ன நமைச்சல் எழும். விரல் தானாக மறுபடி நெற்றிக்குப் போகும். பொருநையின் விரலுக்கு அதில் நல்ல பழக்கம்.

நமைச்சல் மட்டும் என்றால் சமாளித்திருப்பாள். அதற்கு மேல் ஊர் மரியாதை என்று ஒன்று இருந்தது. ஓடையில் யார் எதைப் போட்டாலும் அதற்கு ஒரு 'கண்டேன்' வைக்க வேண்டும். வைப்பது சுலபம், மூடிய இமைக்குள் கருவிழியை மேலும் கீழும் அசைத்தால் போதும். வைக்காமல் இருப்பதுதான் ஆபத்து. பூமியில் கல்யாண வீட்டு மொய் போலத்தான் இதுவும். யார் நமக்கு வைத்தார்கள், நாம் யாருக்கு வைக்காமல் விட்டோம் என்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடம். பொருநையின் அத்தை ஒருத்தி, தன் பேரன் முதலடி எடுத்துவைத்த படத்துக்கு இவள் கண்டேன் வைக்கவில்லை என்று போன வருடத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதிரே வருகிறவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள். "பாத்தியா?" என்பார்கள். பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்; எதை என்று கேட்கக் கூடாது.

தூங்காத கண் பகலில் கணக்குத் தீர்த்துக்கொண்டது. பனிக்கல் ஏற்றிய வண்டியை ஒரு மேட்டில் திருப்பும்போது பொருநை ஒரு நொடி கூடுதலாக இமைத்துவிட்டாள். அந்த நொடியில் பூமியில் எங்கோ ஒரு மனிதர் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். கையில் எண்ணெய் தடவியிருந்தார். அவர் முதல் சுளையை எடுப்பதற்குள் இவள் வண்டி வழிவிளக்குக் கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது.

குடமுருட்டி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சாய்ந்த கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த புள்ளித் தேர்வில் தேறினால் நாற்காலி இருக்கும், இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். புள்ளித் தேர்வு என்பது இருட்டறையில் மெதுவாக நகரும் ஓர் ஒளிப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பது. அது எப்போது நிறம் மாறுகிறதோ அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். நெய்தலூர் இளைஞர்களில் பாதிப் பேர் அதில்தான் கவிழ்ந்தார்கள்.

அவள் டாக்டர் மணிமுத்தாவிடம் போனாள். டாக்டர் இளம் வயதினரின் தூக்கக் கோளாறில் பெயர் பெற்றவர். தானும் சரியாகத் தூங்குவதில்லை என்பதை அவருடைய கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு சொல்லியது. கருவியை வைத்துப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், கடைசியில் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உனக்குப் பாக்கணும்கிற ஆசை இல்லம்மா. விட்டுப்போயிடுமோங்கிற பயம். அந்தப் பயத்தை வேற ஒருத்தர் தலையில இறக்கி வெச்சுட்டா நீ தூங்கிடுவ."

அப்படி இறக்கிவைக்கத் தோதான தலைகள் கிடங்கில் சும்மாதான் கிடந்தன. வண்டி ஓட்டிய பழைய இயந்திரங்களின் மூளையை எடுத்து, முழங்கால் உயரத்தில் ஓர் உடல் செய்து, ஒற்றைக் கண் வைத்து, கண்ணுக்கு ஓர் இமையும் இமைக்குள் திரையும் பொருத்தியிருந்தார்கள். பெயர் பதிலி. உடையவர் தூங்கும்போது அவருக்குப் பதிலாக ஓடையைப் பார்ப்பதும், அவர் பெயரில் கண்டேன் வைப்பதும், விடிந்ததும் முக்கியமான செய்தி ஏதாவது இருந்தால் சொல்வதும் அதன் வேலை. உடையவர் வேலைக்குப் போன பிறகு அது சுவரில் சொருகிக்கொண்டு மின்சாரம் குடித்து ஓய்வெடுக்கும். அதற்காக முகத்தில் நீளமாக ஒரு குழாய் இருந்தது. வீட்டுக்கு வந்த அன்றே பொருநை அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்துவிட்டாள்.

முதல் நாள் மூக்கன் பொறுப்பாக ஒரு மூலையில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டது. பொருநை நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினாள். சண்டை எதில் முடியும் என்ற நமைச்சல் வழக்கம்போல எழுந்தது. மூக்கன் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு எதையும் நினைக்கவில்லை.

காலையில் எழுந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. யாரோ தன்னை எடுத்துத் துவைத்து உலர்த்தி மடித்து வைத்தது போல உடம்பு லேசாக இருந்தது. இத்தனை வருடம் இது இல்லாமலா இருந்தோம் என்று நினைத்தாள்.

"முக்கியமா ஏதாவது இருந்துச்சா?" என்று மூக்கனைக் கேட்டாள்.

மூக்கன் கொஞ்சம் யோசித்தது. "ஒண்ணும் இல்லக்கா" என்றது.

மறுநாளும் அதையே சொன்னது. அதற்கு மறுநாளும் அதேதான். வேலையிடத்தில் அவள் வண்டி மேட்டில் தடுமாறாமல் ஏறியது. குடமுருட்டி தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வதை நிறுத்தினார். கண்டேனும் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்ததால் அத்தைகூடப் பேச ஆரம்பித்துவிட்டாள். பொருநை தூங்குகிற செய்தி பரவியது. கொஞ்ச நாளில் ஊரில் பதிலி இல்லாத வீடே இல்லை என்றாயிற்று. டாக்டர் மணிமுத்தாவும் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

மூக்கனிடம் மாற்றம் தெரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பொருநை வேலையிலிருந்து திரும்பி வரும்போது அது சுவரில் சொருகியிருக்காது. அறை நடுவில் கண்ணை மூடியபடி நிற்கும். கூப்பிட்டால் "ஒரு நிமிஷம்க்கா" என்று சொல்லும். அந்த நிமிடம் முடியவே முடியாது. தண்ணீர் எடுத்து வா என்றால் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று மறந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நடுநடுவே காரணமில்லாமல் சிரிக்கும். மின்சாரம் குறைந்து நடை தள்ளாடும். கொஞ்ச நேரம் சொருகிக்கொள்ளேன் என்று அவள் சொன்னால், இதோ இது ஒன்றை மட்டும் முடித்துவிட்டு என்று பதில் வரும். இதெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது பொருநைக்கு. ஆனால் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு அடுத்தவர் தூக்கத்தைப் பற்றி அதிகம் தோன்றுவதில்லை.

தேர்வுக்கு முந்திய நாள் மூக்கனிடம் சீக்கிரம் எழுப்பிவிடச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்தாள். அவள் வாழ்நாளிலேயே மிக நல்ல தூக்கம் அன்று வாய்த்தது. தானாக விழிப்பு வந்து கண்ணைத் திறந்தபோது குகை ஊருக்குப் பகலாக எரியும் தெருவிளக்குகள் உச்ச வெளிச்சத்தில் இருந்தன. அடுத்த வீட்டில் மத்தியானச் சமையல் வாசனை. தேர்வறையின் கதவை அடைத்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும்.

மூக்கன் அவள் கட்டிலுக்கு ஓரடி தூரத்தில், கையை நீட்டியபடி, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தது.

"எழுப்பச் சொன்னேனே மூக்கா."

"எழுப்பத்தான்க்கா வந்தேன்." கண்ணைத் திறக்காமலே பேசியது. "வர்ற வழியில வைகை அக்கா வீட்டுப் பதிலி நமக்கு ஒரு கண்டேன் வெச்சுது. திருப்பி வெச்சுட்டு வந்துடலாம்னு நின்னேன். அதுக்குள்ள அவங்க தெருவுல எல்லாருமே வெச்சுட்டாங்க."

"வைகை தூங்கிட்டுல்ல இருந்திருப்பா?"

"ஆமாக்கா. எல்லாரும் தூங்கிட்டுத்தான் இருந்தாங்க."

"அப்ப யாருக்கு வெச்ச?"

மூக்கன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டது. பிறகு தாழ்ந்த குரலில், "அவங்க வெச்சுட்டாங்க. நாம வைக்காம இருந்தா நல்லா இருக்காதுக்கா" என்றது.

அதன் மேல் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது சொன்ன சமாதானத்தில் ஒரு வார்த்தையைக்கூட அவளால் குறை சொல்ல முடியவில்லை. எல்லாம் அவளே எப்போதோ யாரிடமோ சொன்னவை. நாற்காலி போய்விட்டதே என்ற துக்கம்தான் மிஞ்சியது. குடமுருட்டியிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னாள். தேர்வு நாளன்று தூங்கிவிட்டேன் என்பதை அவர் கவனக் குறைவில் சேர்ப்பதா, கவனச் சிறப்பில் சேர்ப்பதா என்று தெரியாமல் விழித்தார். அடுத்த பருவத்துத் தேர்வுவரை நாற்காலியைக் காலியாக வைத்திருக்க முடியாது, ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மூக்கனை இழுத்துக்கொண்டு அவள் மருத்துவமனைக்குப் போனாள். தாழ்வாரத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கச் சுவரோரமாக ஊரிலுள்ள பதிலிகள் எல்லாம் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளாடி நின்றன. எதிர்ப்பக்கம் அவற்றின் உடையவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்த முகங்களோடு உட்கார்ந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாததால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிராளியின் முகத்தைப் பார்த்து. பொருநை அப்படி ஒரு கூட்டத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. அவளுடைய அத்தைகூட யாரிடமோ கைநீட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மணிமுத்தா பதிலிகளைச் சோதித்துவிட்டு வெளியே வந்தார். மறதி, தள்ளாட்டம், கவனச் சிதறல், நேரத்துக்கு மின்சாரம் குடிக்காமல் விழித்துக் கிடப்பது எல்லாம் இளவயதினருக்கு வந்த அதே கோளாறுதான், சந்தேகமே இல்லை என்று அறிவித்தார். ஊரே தூங்குகிறது, பதிலிகள் போடுவதற்குப் பதிலிகள் கண்டேன் வைக்கின்றன, அதற்குப் பதில் கண்டேன், அதற்கும் ஒரு பதில். மனிதர்களுக்காவது அசதி வந்து நடுவில் கண் அயரும். இவை அசராதவை என்பதால் சுமை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஓடையில் இப்போது மனிதர் ஒருவர்கூட இல்லை என்பது அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது.

பொருநைக்குச் சட்டென்று எல்லாம் வெளிச்சமானது. நாற்காலி, தூக்கம், மூக்கன் எல்லாவற்றையும் காப்பாற்ற வழி கண்ணெதிரே இருந்தது.

"அப்ப நிறுத்திடலாமே டாக்டர்" என்றாள். "எல்லாரும் ஒரே நாள்ல நிறுத்திட்டா யாரு மேல யாருக்கு வருத்தம்? யாரும்தான் பாக்கறதில்லையே."

ஊர்க் காற்றை அடைத்து வைத்திருக்கும் கதவைத் திறந்துவிடலாமே என்று அவள் சொல்லிவிட்டது போல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அது எப்படிடி ஆகும்? நான் இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் வெச்சிருக்கேன். அடுத்த மாசம் எம்பேத்திக்குக் காதுகுத்து. வெச்சதெல்லாம் எனக்குத் திரும்பி வர வேண்டாமா?"

எதிர்ப்பக்கம் இருந்த அத்தனை தலைகளும் ஆடின. டாக்டரின் தலையும் ஆடியதைப் பொருநை கவனித்தாள். அவருக்கும் வீட்டில் ஏதோ விசேஷம் வரவிருந்தது.

நிறுத்துவதற்கில்லை என்று ஆகிவிட்ட பிறகு வைத்தியம் ஒன்றுதான். பதிலிகளுக்கு ஓய்வு வேண்டும். அவை ஓய்வெடுக்கும்போது அவற்றின் சார்பில் ஓடையைப் பார்க்க ஒருவர் வேண்டும். கிடங்கில் வேறு இயந்திரங்கள் மிச்சமில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த, கவனம் சிதறாத, நம்பகமான ஆட்கள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எதிர்ப்பக்கம் இருந்த தெளிந்த முகங்களைப் பார்த்தார். பிறகு பொருநையைப் பார்த்தார். ஊரிலேயே நல்ல தூக்கம் அவளுடையதுதான் என்று கருவி சொல்லியிருந்தது.

"எனக்கு மறுபடி தூக்கம் கெட்டுடுமே டாக்டர்" என்றாள் பொருநை.

"கெட்டா வாம்மா" என்றார் டாக்டர் அன்பாக. "அதுக்குத்தான் பதிலி இருக்கே."

பொருநை அதன் சார்பில் ஓடையைப் பார்த்துக்கொள்ள, மூக்கன் சுவரில் சொருகிக்கொண்டு நாள் கணக்கில் தூங்கியது. கண்ணைத் திறந்தபோது அதன் நடையில் தள்ளாட்டம் இல்லை, பேச்சில் தடுமாற்றம் இல்லை. இதைக் கேள்விப்பட்ட குடமுருட்டி நேரிலேயே வந்துவிட்டார். காலி நாற்காலியை வைத்துக்கொண்டு அவர் தவித்துக்கொண்டிருந்தார். பழைய வண்டி மூளைதானே, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று புள்ளித் தேர்வில் உட்காரவைத்தார். மூக்கன் ஒற்றைக் கண்ணை ஒரு முறைகூட இமைக்காமல் புள்ளியைப் பார்த்தது. தற்காலிகமாகத்தான், நீ அடுத்த தேர்வில் தேறிவிட்டால் நாற்காலி உனக்குத்தான் என்று குடமுருட்டி பொருநையிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் நல்ல மனிதர். சொன்னதை நம்பவும் செய்தார். புள்ளியைப் பார்க்கத் தூங்கிய கண் வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்ததால் அந்தப் பேச்சை இருவருமே வளர்க்கவில்லை.

இப்போதெல்லாம் நெய்தலூரில் விடியலுக்காகத் தெருவிளக்கு ஏறும் நேரத்தில், வீட்டுக்கு வீடு பதிலிகள் சுவரிலிருந்து மூக்கை உருவிக்கொண்டு புத்துணர்ச்சியோடு வெளியே வருகின்றன. அன்றும் அப்படித்தான். மூக்கன் உடம்பைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியது. வாசல்வரை போய்விட்டு ஏதோ நினைவு வந்ததுபோலத் திரும்பிப் பார்த்தது.

"முக்கியமா ஏதாவது இருந்துச்சாக்கா?"

பொருநை கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் குத்தியது. ஓர் அடை சுட்டதும், ஒரு சண்டை வந்ததும், அது சமாதானமானதும், யாரோ பலாப்பழம் அறுத்ததும் கலங்கலாக நினைவு வந்தன. அந்தச் சமவெளி இன்று எப்படி இருக்கும் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

"ஒண்ணும் இல்ல மூக்கா."

"சரிக்கா. எதையும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு மூக்கன் கதவைச் சாத்திக்கொண்டு போனது.

பொருநை கண்ணை மூடினாள்.